மைல் மீட்டரும் கிலோமீட்டர் சாலையும்

கொச்சியில் கிளம்பி மூணாறு, மதுரை, சிவகங்கை, திருவாடானை வழியாக வந்து தொண்டியில் கடலைப் பார்த்து முடிகிறது தேசிய நெடுஞ்சாலை 85. அந்தச் சாலையோரம் மஞ்சள் தலையுடன் கற்கள் நிற்கும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அதற்குப் பெயர் மைல்கல்தான்!

இந்தியா மைலை விட்டு வெகுகாலம் ஆகிறது. எடை, அளவுச் சட்டம் வந்தது 1956இல். 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா. 1958இல் கிலோ வரத் தொடங்கியது. 1960களில் சாலைக் கற்களும் கிலோமீட்டருக்கு மாறின. பேச்சில் மட்டும் மைல் இன்னும் இருக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதற்குக்கூட "மைலேஜ் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். பேச்சில் மைல் இருப்பதால் யாருக்கும் கேடில்லை. காரின் மீட்டரில் இருந்தால் என்ன ஆகும்?

திருவாடானைப் பக்கத்து ஊர்களில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போவது வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும்தான். அங்கெல்லாம் கிலோமீட்டர் கணக்கு. லண்டனில் இருந்து திரும்புகிறவர் கதை வேறு. பிரிட்டனில் இன்றும் மைல்தான். ஓட்டிப் பழகிய காரை அவர் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் வலது பக்கம், சாலையில் இடது பக்கம் ஓட்டும் பழக்கம், எல்லாம் நம் ஊருக்குப் பொருந்தும். பொருந்தாதது மீட்டர் ஒன்றுதான்.

பழைய கார்களை இறக்குமதி செய்வதற்கான இந்திய விதிகள் இதைக் கவனித்திருக்கின்றன. வண்டி மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், விளக்குகள் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்பவற்றோடு, ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் வேகம் காட்ட வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை.

இது ஏதோ சடங்குக்காக வைத்த விதி அல்ல. ஊர் எல்லையில் 40 என்று பலகை இருக்கிறது. மைல் மீட்டரில் முள்ளை 40இல் நிறுத்தினால் வண்டி போவது 64 கிலோமீட்டர் வேகத்தில்! பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம், வேகத்தின் இருமடி கணக்கில் கூடும். அதாவது வேகம் 1.6 மடங்கு ஆனால் அந்தத் தூரம் இரண்டரை மடங்குக்கும் மேல். பேருந்து நிலையத்துப் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது அந்த வித்தியாசம் ஓர் உயிராக இருக்கலாம். பல பிரிட்டன் கார்களில் உள்வட்டத்தில் சின்ன எழுத்தில் கிலோமீட்டரும் இருக்கும். ஆனால் ஓடும் வண்டியில் கண் போவது பெரிய எண்ணுக்குத்தான்.

சரி, எப்படி மாற்றுவது?

பழைய முள் மீட்டரின் அடிப்படையை ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ஸே என்பவர் 1902இல் காப்புரிமை பெற்றார். கியர் பாக்ஸில் இருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். பக்கத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னால் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். முள்ளுக்கு மைலும் தெரியாது, கிலோமீட்டரும் தெரியாது. பின்னால் இருக்கும் டயலில் 60 என்று அச்சடித்த இடத்தில் 97 என்று அச்சடித்துவிட்டால் வேகக் கணக்கு முடிந்தது.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தவறு இங்கேதான் ஆரம்பம்.

வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களும் அதே கேபிளில்தான் சுற்றுகின்றன. அங்கே காந்தம் கிடையாது, பல்சக்கரங்கள். கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் ஒரு மைல் என்று அவை கட்டப்பட்டிருக்கும். பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களில் அந்தச் சுற்று எண்ணிக்கையை டயலின் அடியிலேயே சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். டயலை மாற்றினாலும் உள்ளே இருக்கும் பல்சக்கரம் மைலைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். விளைவு? 10,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டிய வண்டி, 16,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே மெக்கானிக்கிடம் போகும். ஆகவே பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும், அல்லது கிலோமீட்டருக்கென்றே செய்த மீட்டரை முழுதாகப் பொருத்த வேண்டும்.

அதற்குப் பின் வந்த கார்களில் கேபிள் இல்லை. சென்சார் துடிப்புகளை அனுப்பும், மீட்டர் அவற்றை எண்ணும். நடுவில் ஒரு சிறு கருவியைப் பொருத்தித் துடிப்புகளை 1.609 மடங்கு ஆக்கினால், பழைய டயலில் உள்ள எண்களே கிலோமீட்டராகிவிடும். ஆனால் அந்தக் கருவி மீட்டருக்குப் போகும் கம்பியில் மட்டும் இருக்க வேண்டும். அதே துடிப்பை நம்பி இன்ஜின் கணினியோ வேறு கருவியோ வேலை செய்தால், அவற்றுக்கும் பொய் வேகம் போய்ச் சேரும். இன்றைய திரை மீட்டர்களில் பலவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அமைப்புகள் பக்கத்தில் ஒரு பொத்தான் போதும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 40,000 மைல் ஓடிய காரில் அந்தக் கருவியைப் பொருத்தி, அதன்பின் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் மீட்டர் 50,000 என்று காட்டும். அது மைலும் அல்ல, கிலோமீட்டரும் அல்ல. உண்மையில் வண்டி ஓடியது 74,000 கிலோமீட்டருக்கும் மேல். நாளை அதை வாங்குகிறவர் 50,000 என்று நம்பிப் பணம் கொடுப்பார். எனவே மாற்றிய நாளையும் அன்றைய எண்ணையும் எழுதி வண்டி ஆவணங்களோடு வைப்பதே நேர்மை.

நாடுகளும் இதே வேலையைச் செய்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 1974இல், கனடா 1977இல், அயர்லாந்து 2005இல் வேகப் பலகைகளை மாற்றின. பாதி மாறி பாதி மாறாமல் இருப்பதுதான் ஆபத்து என்று கனடாவுக்கு 1983இல் தெரிந்தது. கிலோவில் போட வேண்டிய எரிபொருள் கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டதால், பெரிய பயணிகள் விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோய், கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் மிதந்து வந்து இறங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

மனக்கணக்குக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. 5, 8, 13, 21, 34, 55, 89 என்ற பிபனாச்சி வரிசையில் ஓர் எண்ணை மைலாகக் கொண்டால், அடுத்த எண் ஏறக்குறைய கிலோமீட்டர். 34 மைல் என்றால் 55 கிலோமீட்டர். 55 மைல் என்றால் 89.

மாற்றிய மீட்டர் சரியா என்று பார்க்கக் கடைக்குக்கூடப் போக வேண்டாம். தொண்டிச் சாலையில் நெரிசல் இல்லாத நேரத்தில் முள்ளை 60இல் நிறுத்தி ஓட்டுங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆனால் மீட்டர் சரி. 37 விநாடியிலேயே அடுத்த கல் வந்துவிட்டால் மீட்டர் இன்னும் லண்டனில்தான் இருக்கிறது. அந்த வண்டியை ஊருக்குள் கொண்டு வருவதற்கு முன் மறுபடியும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.