கோடரி பழகும் காடு!

பிரான்ஸின் பர்கண்டி காட்டுக்குள், கெடெலோனில் 1997 முதல் ஒரு கோட்டை எழும்பிக்கொண்டிருக்கிறது. எல்லாமே 13-ம் நூற்றாண்டு முறைப்படி. டிக்கெட் எடுத்தால் வேடிக்கை பார்க்கலாம்.

தச்சர்களைத்தான் பார்க்க வேண்டும். பச்சை ஓக் மரத்தில் நூல் அடித்து, அந்தக் கோடு வரை இடைவெளிவிட்டு வெட்டுகிறார்கள். நடுவில் நிற்கும் துண்டுகளைப் பிளந்து தள்ளி, அகன்ற கோடரியால் செதுக்கினால், உருண்டை மரம் சதுர உத்தரமாகிறது. காய்ந்த ஓக் என்றால் கோடரி திணறிவிடும். ரம்பம் நாரை அறுத்துக்கொண்டு போகும். கோடரியோ நாரின் போக்கில் போகும்.

மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றும்தான். 2019 ஏப்ரலில் பாரிஸின் நோட்ர டாம் தேவாலயக் கூரை எரிந்தது. நவீனக் கூரை போடலாம் என்றுகூட யோசனைகள் வந்தன. பழையபடி ஓக் கூரையே என முடிவானதும், கோடரி பிடிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கெடெலோனில் பழகிய கைகளும் போயின. 2024 டிசம்பரில் தேவாலயம் திறக்கப்பட்டது.

குளிர்காலத்தில் கெடெலோன் மூடியிருக்கும். தேதி பார்த்துக் கிளம்புங்கள்.