அத்தையின் சுரைக்குடுக்கை

எங்கள் அத்தையிடம் நகை நட்டு ஒன்றும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு சுரைக்குடுக்கைதான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில், ஆலப்பாக்கத்துக்கு முன்னால் செம்மங்குப்பத்தைக் கடக்கிறதே, அங்கேதான் அவள் வீடு. அடுப்புக்கு மேலே, புகைபடும் இடத்தில் குடுக்கை தொங்கும். உள்ளே அவள் மாமியார் காலத்துக் கத்தரி, பீர்க்கு, அவரை விதைகள்.

நான் சென்னைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு பொட்டலம் கட்டித் தருவாள். "மாடியிலே போடுடி" என்பாள். "ஆகட்டும் அத்தை" என்று வாங்கி வந்து சமையலறை அலமாரியில் போட்டு மறந்துவிடுவேன். கடையில் கத்தரிக்காயா கிடைக்கவில்லை?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அத்தை வீட்டுக் கூரையோடு குடுக்கையும் போயிற்று. பதறிக்கொண்டு போனேன். அத்தை கேட்ட முதல் கேள்வி, "உன்கிட்டே கொடுத்த விதை இருக்கில்லே?"

என் முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வந்து அலமாரியைக் குடைந்தேன். நாலு பொட்டலம் அகப்பட்டது. இரண்டில் வண்டு, ஒன்றில் பூசணம். நாலாவதில் கத்தரி. காய்ந்த இடத்தில் வைத்தால் கத்தரி விதை நாலு வருஷம்கூடத் தாங்குமாம். நான் வைத்ததோ தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்!

விதைக் கடையில் பளபளக்கும் உறையில் வீரிய ஒட்டு ரகம் கொடுத்தார்கள். காய்ப்பென்னவோ அமோகம்தான். ஆனால் அந்த விதையை எடுத்து மறுபடி போட்டால் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது. கடலூரை அடுத்த பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் கத்தரி அப்படியல்ல, விதை எடுத்துப் போடலாம். இருந்தாலும் அது பாலூர்க் கத்தரி, அத்தை கத்தரி ஆகுமா? டில்லியில் தேசிய தாவர மரபணு வளங்கள் பணியகம் லட்சக்கணக்கான விதை மாதிரிகளை உறைகுளிரில் காக்கிறது. அத்தையின் கத்தரியை அங்கே யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?

ஈரத் துணியில் பத்து விதையை முடிந்து வைத்தேன். ஒன்பதாம் நாள் மூன்று மூக்கை நீட்டின. மீதியையும் விதைத்ததில் மொத்தம் ஏழு செடி தேறின.

பக்கத்து மாடியிலும் கத்தரி இருந்தது. தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடக் கூடாதே என்று, பழைய கொசுவலையைப் பையாகத் தைத்துச் சில மொட்டுகளுக்குப் போட்டேன். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். என் கணவர், "கத்தரிக்காய்க்கு முக்காடா?" என்றார். காய் மஞ்சளாகப் பழுத்த பிறகு விதையைக் கழுவி, மிதந்ததைக் கொட்டி, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்தினேன். சாம்பலுக்குத்தான் திண்டாட்டம். காஸ் அடுப்பில் சாம்பல் ஏது? தெருமுனையில் கரிப்பெட்டி போடும் இஸ்திரிக்காரர் ஒரு டப்பா கொடுத்தார். புதுச் செருப்புப் பெட்டியில் 'தின்னாதே' என்று எழுதிய சிறு பை வருமே, ஈரத்தை இழுப்பது, அதையும் பாட்டிலுக்குள் போட்டு மூடினேன்.

அந்த ஆடியில் பாட்டிலை அத்தையிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் கொட்டி, நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். பழைய காலண்டர்த் தாளைக் கிழித்து மூன்று பொட்டலம் கட்டினாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எதிர்வீட்டுக்கு, ஒன்று மறுபடியும் எனக்கு!

பீர்க்கைப் பற்றி அவள் இன்றுவரை கேட்கவில்லை.