9 நிலையா, 11 நிலையா? ராஜபாளையம் டு ஸ்ரீவில்லிபுத்தூர்... ஒரு கிரேயான் கோபுரத்தின் பயணம்!

ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம் விடும் நேரம். ஜெராக்ஸ் கடை வாசலில் கூட்டம். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் என்று ஆளுக்கொரு தாளோடு நிற்கிறார்கள். நடுவில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அம்மாவின் கையைப் பிடித்தபடி நிற்கிறாள். அவள் கையில் சுருட்டிய ஏ4 தாள்.

பிரித்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம்! ‘நம்ம ஊர்’ என்ற வகுப்பு புராஜெக்ட்டுக்காக அவளே வரைந்தது. ஆரஞ்சு கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தாள் கனத்துக் கிடக்கிறது. கோபுரத்துக்குப் பக்கத்தில் காது மடங்கிய வெள்ளை நாய் ஒன்று.

“இது ராஜபாளையம் நாய். கோபுரத்துக்குக் காவல்” என்கிறாள்.

“அண்ணாச்சி, இதை லேமினேஷன் பண்ணிக் குடுங்க. நாளைக்கு மிஸ்கிட்ட குடுக்கணும்” என்று தாளை நீட்டுகிறார் அம்மா.

கடைக்காரர் தாளை வாங்கி, ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். விரலில் ஆரஞ்சு.

“மெழுகுக் கலர்லம்மா இது? மெஷின்ல விட்டா உருகிருமே!”

மேஜை டிராயரிலிருந்து பழைய லேமினேஷன் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். யாரோ ஒரு பிள்ளை வரைந்த மாம்பழம். மஞ்சளும் பச்சையும் கலந்து, நடுவில் குமிழ் குமிழாக எழும்பி, எது பழம், எது இலை என்றே தெரியவில்லை.

“ரேஷன் கார்டு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். இது போனா எங்க போயி வாங்குறது?” என்கிறார்.

சூடுதான் சிக்கல்

லேமினேஷன் பவுச்சின் வெளிப்பக்கம் பாலியெஸ்டர். உள்பக்கம் சூட்டில் இளகும் பசை. சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே போகும்போது பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. இதற்கு மெஷின் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். கிரேயானில் இருப்பதோ பாரஃபின் மெழுகு. அது 50 முதல் 65 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். உருகிய மெழுகின் மேல் பசையும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் குமிழ்கள்.

‘பக்கத்து சிவகாசியில் காலண்டரும் நோட்டு அட்டையும் பளபளவென்று வருகிறதே?’ என்று கேட்கலாம். அச்சு மை தாளில் மெல்லிய படலமாகக் காய்ந்து இறுகிவிடும். கிரேயான் காய்வதே இல்லை. மெழுகாகவே தாளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆயில் பேஸ்டல் இன்னும் மோசம், அதிலுள்ள எண்ணெய் வருடக்கணக்கானாலும் முழுதாகக் காயாது.

அப்படியென்றால் என்ன செய்வது?

வழி 1: படத்தை கலர் ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை லேமினேஷன் செய்யலாம். லேசர் ஜெராக்ஸின் டோனர் இந்தச் சூட்டைத் தாங்கும். அசல் பத்திரமாக வீட்டில் இருக்கும்.

வழி 2: ‘கோல்டு லேமினேஷன்’. சூடே இல்லாமல், ஸ்டிக்கர் போல ஒட்டும் கண்ணாடித் தாள். முதலில் படத்தின் மேல் உள்ள கிரேயான் துகள்களை மெல்ல ஊதிவிட வேண்டும். பிறகு ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, துணி சுற்றிய ஸ்கேலால் நீவிக்கொண்டே வந்தால் காற்றுக்குமிழ் வராது. சுற்றிலும் அரை அங்குலம் வெள்ளை இடம் விட்டு வரையச் சொன்னால், மெழுகு இல்லாத அந்த ஓரம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால், ஒரு தடவை ஒட்டினால் ஒட்டியதுதான். பிரித்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும்.

வழி 3: செலவு குறைந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபைல் உறைக்குள் படத்தைச் செருகிவிடலாம். வேண்டும்போது வெளியே எடுக்கலாம். படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயர், வகுப்பு, தேதி எழுதி வைத்தால் 20 வருடம் கழித்துப் பார்க்கும்போது அதற்கு மதிப்பே தனி.

பந்தலில் தொங்கிய படங்கள்

தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்குப் பிள்ளைகளின் படங்கள் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது செயல்வழிக் கற்றல். தலைக்கு மேலே பந்தல் போல கயிறோ கம்பியோ கட்டி, பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். பல கைகள் மாறும் பாட அட்டைகளுக்கு உறுதி தேவைப்பட்டது. பந்தலில் ஆடிய படங்களுக்கு ஒரு கிளிப் போதும். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் வரைவது, வண்ணம் தீட்டுவது, அட்டைகளோடு விளையாடுவது எல்லாம் உண்டு.

இன்றைக்கும் அதே கணக்குதான். பத்துப் பிள்ளைகள் தொட்டு விளையாடும் அட்டையா? நகலெடுத்து லேமினேஷன் செய்யலாம். சுவரில் மாட்டும் படமா? அப்படியே மாட்டலாம். பிளாஸ்டிக்கும் தாளும் ஒட்டிப்போன பிறகு இரண்டையும் பிரித்து மறுசுழற்சி செய்வதும் கஷ்டம். எல்லாப் படத்துக்கும் லேமினேஷன் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்

கலர் ஜெராக்ஸ் லேமினேஷன் ஆகி மிஸ்ஸிடம் போய்விட்டது. அசல், ஃபைல் உறைக்குள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அம்மாச்சிக்குக் காட்ட வேண்டுமே!

ராஜபாளையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். பஸ்ஸின் இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமான காடு. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. “அடுத்து அணில் வரையப் போறேன்” என்கிறாள் ஜன்னல் ஓரத்துச் சிறுமி.

ஊர் நெருங்கும்போதே கோபுரம் தெரிந்துவிடுகிறது. 190 அடிக்கும் மேல் உயரம். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. பஸ்ஸை விட்டு இறங்கினால் பால்கோவா கடைகள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவில் கால் கிலோ கட்டிக்கொண்டு அம்மாச்சி வீட்டுக்கு நடக்கிறார்கள்.

அம்மாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்க்கிறார். விரலை வைத்து ஒவ்வொரு நிலையாக எண்ணுகிறார்.

“ஒம்போதுதான இருக்கு? நம்ம கோபுரம் 11 நிலைல்ல!”

சிறுமி வாசலுக்கு ஓடுகிறாள். அங்கிருந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எண்ணுகிறாள். இரண்டு தடவை எண்ணிய பிறகும் 11 தான்.

திரும்பி வந்தவள், ஃபைல் உறையிலிருந்து படத்தை உருவி எடுக்கிறாள். பையில் ஆரஞ்சு கிரேயான் இருக்கிறது. அம்மாச்சி தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, தரையில் குப்புறப் படுத்து இன்னும் இரண்டு நிலை வரைகிறாள். இடம் பத்தாமல் உச்சி மேகத்துக்குள் போய்விட்டது.

வகுப்பில் இருக்கும் லேமினேஷன் கோபுரத்துக்கு என்றைக்கும் 9 நிலைதான். அம்மாச்சி வீட்டுக் கோபுரத்துக்கு 11.