கரும்புக்குள்ள நின்ன ஜீப்

திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கறது எங்க திருவாலங்காட்டுலதான். அதனால இந்தப் பக்கம் கரும்பு அதிகம், எனக்கும் கொஞ்சம் உண்டு. வளர்ந்த கரும்புக்குள்ள ஒரு ஆள் பூந்துட்டா பத்தடி தள்ளி நிக்கறவனுக்குக் கூட தெரியாது. தண்ணி பாய்ச்சின மறுநாள் டிராக்டரை இறக்கினா சக்கரம் சுத்தும், வண்டி நகராது. இந்த ரெண்டும் தெரிஞ்சவங்களுக்கு 1965 செப்டம்பர்ல பஞ்சாப்ல நடந்த அசல் உத்தர் சண்டை சுலபமா புரியும்.

பாகிஸ்தான் படை அமெரிக்க பேட்டன் டாங்கிகளோட வந்துச்சு. ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 45 டன். நம்ம படை வாய்க்காலை உடைச்சு வயல்ல தண்ணியை விட, டாங்கிங்க சேத்துல சிக்கிச்சு. பக்கத்துலயே கரும்பு. அதுக்குள்ள ஜீப்போட காத்திருந்தவர் அப்துல் ஹமீத். உத்தரப்பிரதேசத்துத் தையல்காரர் மகன், 4வது கிரனேடியர்ஸ் படை ஹவில்தார்.

ஜீப் எடை சுமார் ஒரு டன்தான். அதுமேல 106 மி.மீ. பீரங்கி. சாதாரண பீரங்கி சுட்டா பின்னாடி உதைக்கும், சின்ன வண்டி தாங்காது. இதுல வெடிச்ச வாயு பின்பக்கமா வெளியேறிடும், அதனால உதைப்பு கிடையாது. ஆனா அந்தப் புகையும் தூசியும் சுட்ட இடத்தைக் காட்டிக்குடுத்துடும். சுட்டதும் இடம் மாறணும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கற லேசான வண்டிதான் அதுக்குத் தோது.

ஜீப் பொறந்தது 1940ல, அமெரிக்க ராணுவத்துக்காக. பேண்டம் கம்பெனி 49 நாள்ல முதல் வண்டியைச் செஞ்சுது. அப்புறம் வில்லிஸும் ஃபோர்டும் 1945க்குள்ள 6 லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளினாங்க. இங்க மஹிந்திரா அதே வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சுது. 1969ல ஜபல்பூர் ஜோங்கா வந்துச்சு, பின்னாடி மாருதி ஜிப்ஸி. எல்லாத்துக்கும் பலம் ஒண்ணுதான்: எடை கம்மி.

அந்த பலத்துக்கு ஒரு விலையும் இருந்துச்சு. பல டாங்கிகளை அடிச்ச ஹமீத், செப்டம்பர் 10ஆம் தேதி டாங்கி குண்டு ஜீப் மேல விழுந்து செத்துப்போனார். தடுக்க ஒரு தகடு கூட இல்ல. பரம்வீர் சக்ரா அவர் இறந்த பிறகுதான் வந்துச்சு.

ஈராக்ல அமெரிக்கக்காரங்க ஹம்வீ வண்டிக்கு இரும்புத் தகடு அடிச்சுப் பார்த்தாங்க. எடை ஏறி, இன்ஜினும் ஸ்பிரிங்கும் திணறுச்சு. தகடு போட்டா வண்டி சேத்துல இறங்கும், போடலேன்னா ஆள் போவான். 80 வருஷம் ஆகியும் இதுக்கு முழுசா ஒரு வழி கிடைக்கல.

நகரத்துல பழைய ஜீப்பைப் பாலிஷ் போட்டு நிறுத்தியிருந்தா, கதவு இல்லாத அந்தப் பக்கத்தையும் ஒரு நிமிஷம் பாருங்க. அங்கதான் ஒருத்தர் உக்காந்திருந்தார்.