கெட்டுவள்ளத்தின் உட்புறம்: தைத்த படகைப் புதுப்பிக்கும் கலை

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் உள்ள பழைய பண்டகசாலைகள் பலவும் ஒருபுறம் தெருவையும் மறுபுறம் காயலையும் பார்த்துக் கட்டப்பட்டவை. லாரிகள் வருவதற்கு முன் குட்டநாட்டு நெல்லும் மலைநாட்டுச் சரக்கும் நீர்வழியாகவே இங்கு வந்து இறங்கின என்பதை அக்கட்டட அமைப்பே காட்டுகிறது. அச்சரக்கைச் சுமந்தது கெட்டுவள்ளம், அதாவது இரும்பாணி இன்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய பெரும்படகு. காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாய்க்காதபோது கழுக்கோல் எனப்படும் நீண்ட மூங்கிலை ஊன்றித் தள்ளியும் இது செலுத்தப்பட்டது. பெரிய வள்ளங்கள் ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் கொண்டவை. 30 டன் வரை ஏற்றக்கூடியவை. சாலைப் போக்குவரத்தால் வேலையிழந்த இவற்றை 1990களில் ஆலப்புழைச் சுற்றுலா வீட்டுப்படகுகளாக மாற்றி மீண்டும் நீரில் இறக்கியது.

வள்ளத்தின் உடல் பெரும்பாலும் ஆஞ்ஞிலி மரத்தால் ஆனது. குமரி மாவட்டத்தில் அயினி என வழங்கும் இம்மரம் நீரில் நெடுங்காலம் நிற்கும். ஒரு பலகையின் விளிம்பை அடுத்ததன் விளிம்போடு பொருத்தி, இரண்டிலும் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பின் உட்பக்கம் முழுவதும் தேங்காய் நாரைத் திரளாக வைத்து, அதன்மேல் கயிற்றை ஓட்டி இறுக்குகிறார்கள். நீர் புகாமல் தடுக்கும் நார்த்திரளும் வள்ளத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் தையலும் உள்ளேயே இருப்பதால், இப்படகில் உட்புறம் என்பது அலங்காரத்திற்குரிய இடமன்று. அதுவே படகின் கட்டுமானம்.

புதுப்பிக்கும் பணி வள்ளத்தைக் கரையேற்றி, நிழலில் உலரவிட்டு, உள்ளிருப்பதையெல்லாம் அகற்றுவதில் தொடங்குகிறது. பனம்பு எனப்படும் மூங்கில் பாயால் வேய்ந்த கூரை ஒழுகினால் மழைநீர் அடித்தட்டில் தேங்கும்; உப்புநீரைவிட நன்னீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்வதால், மூத்தாசாரி எனப்படும் தலைமைத் தச்சர் விலா மரங்களின் அடியையும் பலகை விளிம்புகளையும் தட்டிப் பார்த்து, ஓசையைக் கொண்டும் உளிமுனை இறங்கும் ஆழத்தைக் கொண்டும் மரத்தின் நிலையை முடிவு செய்கிறார். கெட்ட பகுதி மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு, புதுத்துண்டு பொருத்தப்படுகிறது. பழைய கயிறு அறுக்கப்பட்ட பின், உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக இருந்து துளைவழியே கயிற்றை மாற்றி மாற்றி வாங்கி, மரக்கட்டையால் நெம்பி இறுக்குகிறார்கள். இருவரின் கையும் ஒரே கணக்கில் இயங்காவிட்டால் தையல் ஓரிடத்தில் தளர்ந்துபோகும். பின்னர்த் துளைகள் நாரும் பிசினும் கொண்டு அடைக்கப்பட்டு, மரத்தைத் துளைக்கும் நீர்ப்புழுக்களைத் தடுக்க முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கருநிற எண்ணெய் பூசப்படுகிறது.

இவ்வெண்ணெய் தோலைப் புண்ணாக்கும் இயல்புடையது; அதைக் கையாள்பவர் தாங்கும் வலியும் இத்தொழிலின் விலையில் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியதே. தையலுக்கான கயிறும் எளிதில் கிடைப்பதன்று: பச்சை மட்டையைக் காயல் நீரில் பல மாதங்கள் ஊறவைத்து, அடித்து, நாரெடுத்துத் திரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தனர். ஆகவே கொல்லம் மாவட்டத்தின் ஆலும்கடவு போன்ற வள்ளம் கட்டும் ஊர்களில் ஆசாரியின் பெயரோடு முடிந்துவிடும் புகழ், நாரடித்த பெண்களுக்கும் பனம்பு நெய்தவர்களுக்கும் உரியதாகும்.

வீட்டுப்படகாக்கும்போது உட்புறத்தில் படுக்கையறை, கழிப்பறை, குளிர்சாதனம் ஆகியவை இடம்பெறுகின்றன. இவற்றுக்காக ஒட்டுப்பலகைத் தளத்தை நிலையாக அடித்துவிட்டால், அதன் கீழுள்ள தையலைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் இயலாது. நார் மட்குவதும் கயிறு தளர்வதும் நீர் கசிந்த பின்னரே தெரியவரும். பழைய சரக்கு வள்ளத்தில் தளப்பலகைகள் கழற்றி எடுக்கத்தக்கனவாகவே இருந்தன என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இத்தொழில்நுட்பம் கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. துறைமுகம் கட்டப்படுமுன் சென்னையின் அலைகளைக் கடந்து கப்பற் பயணிகளைக் கரைசேர்த்த மசூலா படகும் கயிற்றால் தைக்கப்பட்டதே. வளைந்து கொடுக்கும் அதன் உடல் அலையின் அடியைத் தாங்கியது. 2025 மே 21 அன்று கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா, அஜந்தா ஓவியத்தில் காணும் கப்பலைப் பின்பற்றித் தைத்துக் கட்டப்பட்ட பாய்க்கப்பலாகும். அதனைக் கட்டிய கைவினைஞர்கள் பாபு சங்கரன் தலைமையிலான கேரளத் தச்சர்களே. ஒரு நாட்டின் கடற்படை தேடிச்சென்ற இந்த அறிவு, காயலோரக் கொட்டகைகளில் போதிய கூலியின்றி மங்கிவிடக் கூடாது. பழைய வள்ளத்தைப் புதுப்பிக்கும் உரிமையாளர்கள் தளத்தைக் கழற்றத்தக்கதாக அமைத்து, தையலுக்கெனத் தனிச்செலவு ஒதுக்கி, மூத்தாசாரியிடம் இளையோர் பயில இடமளிக்க வேண்டும்.