எடுக்க முடியாத கடிதம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவளிடமிருந்து போன் வந்தது. நாங்கள் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நலம்கூட விசாரிக்காமல் கேட்டாள்.

“டேய், அந்த லெட்டர் இன்னும் அங்கயே இருக்கா?”

“இருக்கு.”

“எடுத்துடுறியா?”

“முடியாது.”

2018 ஏப்ரலில் சீனாவில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் இது தொடங்கியது. பீக்கிங் பல்கலைக்கழக மாணவி யுவே ஷின் ஒரு திறந்த மடல் எழுதினார். இருபது வருடங்களுக்கு முன் இறந்துபோன ஒரு மாணவி, ஒரு பேராசிரியர் மீதான பாலியல் புகார்: இது குறித்த தகவல்களை வெளியிடச் சொல்லிக் கேட்டதற்காகப் பல்கலைக்கழகம் தனக்கும் தன் அம்மாவுக்கும் கொடுத்த நெருக்கடியை அதில் எழுதியிருந்தார். சீன சமூக வலைத்தளங்களில் மடல் போட்ட இடத்திலெல்லாம் காணாமல் போனது. ஏப்ரல் 23 அன்று முகம் தெரியாத ஒருவர் எத்தீரியத்தில் தனக்குத்தானே பூஜ்ஜியம் ஈதர் அனுப்பினார். அந்தப் பரிவர்த்தனையின் தகவல் பகுதிக்குள் முழு மடலும் இருந்தது. அதற்குமேல் அதை யாராலும் அழிக்க முடியவில்லை.

அப்போது நாங்கள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். செய்தியைப் படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சில வாரங்களில் அவள், எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் லேபில் தன்னிடம் நடந்துகொண்டதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினாள். அப்பா அம்மாவை வரவழைத்து, உட்காரவைத்து, அழிக்கச் சொன்னார்கள். அழித்தாள். அழிப்பதற்கு முன் நான் அதைக் காப்பி எடுத்து வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்தச் சீனக் கடிதத்தைப் போலவே செய்தேன். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று பைட் வேண்டும். பைட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். மொத்தமாக ஒரு பிரியாணி விலை ஆனது. அவள் பெயர், துறை, வருஷம் எல்லாம் உள்ளே இருந்தன. அனுப்பி முடித்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “சரி, இருக்கட்டும்” என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

“ஏன் முடியாது?” என்று இப்போது கேட்டாள். சொன்னேன். ஒவ்வொரு பிளாக்கும் முந்தைய பிளாக்கின் கைரேகையைச் சுமந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு எழுத்தை மாற்றினால் பின்னால் வரும் எதுவும் பொருந்தாது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதி இருக்கிறது. தேடிப் பார்க்க உதவும் இணையதளம் ஒன்று வேண்டுமானால் அந்தப் பக்கத்தை மறைக்கலாம், அவ்வளவுதான்.

நல்லது கெட்டது பார்த்து வாங்கிக்கொள்கிற இடம் இல்லை அது. 2009 ஜனவரி 3 அன்று உருவான பிட்காயினின் முதல் பிளாக்கிலேயே ஒரு செய்தித்தாள் தலைப்பு இருக்கிறது. 2011இல் இறந்த கிரிப்டோகிராஃபர் லென் சாசமனுக்கு, எழுத்துக்களாலேயே வரைந்த முகத்தோடு ஒரு அஞ்சலி இருக்கிறது. 2018இல் ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் துழாவியபோது 1,600க்கும் மேற்பட்ட கோப்புகள் கிடைத்தன. அவற்றில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை சம்பந்தப்பட்டவையும், பிறருடைய அந்தரங்கத் தகவல்களும் இருந்தன. சங்கிலி முழுவதையும் சேமித்து வைத்திருப்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அவற்றையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள்.

யுவே ஷின்னின் மடல் ஏறிய அடுத்த மாதம், மே 25 அன்று, ஐரோப்பாவில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. தன்னைப் பற்றிய தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை அது தருகிறது. 2023இல் இந்தியாவும் அப்படி ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் சொந்தக்காரரே இல்லாத ஒரு சங்கிலியில் யாரிடம் போய்க் கேட்பது? 2018 ஆகஸ்டிலேயே, தொழிலாளர்களுக்கு ஆதரவாக நின்ற யுவே ஷின்னைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மடலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“அதை யாரும் தேடிப் பார்க்க மாட்டாங்க” என்றேன், ஆறுதலாக.

“நான் பார்க்கிறேன்டா. தூக்கம் வராத ராத்திரியில நானே போய்ப் படிக்கிறேன்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேறு வழி இருந்தது. கடிதத்தை வெளியே வைத்துவிட்டு அதன் ஹாஷை மட்டும், வெறும் 32 பைட்டை, ஏற்றியிருக்கலாம். அதைப் பார்த்து யாராலும் கடிதத்தைப் படிக்க முடியாது. கடிதம் அவளிடமே இருந்திருக்கும். என்றாவது நிரூபிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால், இந்தத் தேதியில் இதே வார்த்தைகள் இருந்தன என்று காட்டலாம். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடலாம். பேசுவதா, பேசாமல் இருப்பதா என்பது அவள் கையில் இருந்திருக்கும். இதையும் அவளிடம் சொன்னேன்.

“அப்ப ஏன் அப்படிச் செய்யலை?”

அப்போது எனக்கு ஹாஷ் பற்றித் தெரியாமல் இல்லை. அவளைக் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை.

போனை வைத்த பிறகு அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பார்த்தேன். அனுப்பியவர் முகவரி என்னுடையது. பெறுபவர் முகவரியும் என்னுடையதுதான். அவள் பெயர் நடுவில் இருக்கிறது.