படியில்லாத காப்பிக்கடை

அம்மையை டாக்டரிடம் காட்டத் திருப்புறத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற நாளில், திரும்பும்போது தம்பானூரில் ஒரு காப்பி உண்டு. முதல் தடவை காப்பிக்கடையின் அந்தச் சிவப்பு உருளைக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தவள், "எத்தனை படி மக்கா?" என்று கேட்டாள். முட்டுவலிக்காரியின் முதல் கேள்வி அதுதானே. "ஒண்ணுகூட இல்ல" என்றேன். நம்பவில்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி நிற்கும் அந்த இந்தியன் காப்பி ஹவுஸ், லாரி பேக்கர் வடிவமைத்தது. 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர். இமயமலையில் பித்தோராகர் பக்கம் பல வருஷம் இருந்துவிட்டுக் கேரளத்துக்கு வந்தார். 2007-இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார். பக்கத்தில் கிடைக்கிற பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் பேச்சைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டவர். 'செங்கல்' என்றே ஒரு ஊரைப் பக்கத்தில் வைத்திருக்கும் எங்களுக்கு அது புதுச் சங்கதி இல்லை. ஆனால் அந்தச் செங்கல்லை இப்படி வளைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இருந்ததோ சின்ன மனை. மாடிமேல் மாடி அடுக்காமல், தரையையே சுருட்டி மேலே ஏற்றிவிட்டார். நடுவில் ஒரு தூண்போன்ற உருளை. அதைச் சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறும் ஒரே பாதை. வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியே வைத்த மேசையும் பெஞ்சும். சுவரில் கல் வைக்காமல் விட்ட இடமெல்லாம் ஜன்னல். சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை, காற்றுக்குக் குறைவில்லை.

அம்மை சுவரைத் தடவிக்கொண்டே ஏறினாள். உட்கார்ந்ததும் மேசையை உற்றுப் பார்த்தாள். தரைதான் சரிவு, மேசை மட்டம். கோப்பையில் காப்பி அலுங்கவில்லை. விசிறித் தலைப்பாகை கட்டிய சேட்டன் கட்லெட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்த அம்மை, "நமக்கு ஒரு தடவை. அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்க ஏத்தம்தான்" என்றாள். பேக்கரைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கணக்கு இல்லை.

காப்பி தீர்ந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

"மேல என்ன இருக்கு?"

"இதே மேசை, இதே பெஞ்சுதான்."

"படி இல்லைல்லா? பாத்துட்டே போவோம்" என்று அம்மை எனக்கு முன்னால் ஏறத் தொடங்கினாள்.